எங்கள் ஊர் கூட்ரோட்டில் முறிந்த ஆக்சில்

என் மகள் பிலோமி தொண்டை அடைத்து மூச்சுக்குத் தவித்த அன்று, நான் ஒன்றரை மைல் தூரத்தில் புளி மூட்டைகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் என் கண் முன்னாலேயே தவித்தாள். அப்போதும் மூட்டைகளுக்குத்தான் காவல் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் பலர் தங்கள் அழுக்கை மடித்து மறைத்துக்கொண்டு, ஒளி தெரிந்தது, நறுமணம் வீசியது என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கு ஒளி தெரியவில்லை. வாசனை மட்டும் வந்தது. அது பூச்சி மருந்து வாசனை.

பங்குச் சாமியார் என்னை எழுதித் தரச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தள்ளிப்போட்டேன். சுளிக்கட்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை சாமியார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆறாம் வகுப்பில் சேரப் போகிற வழியில் மொரப்பூரில் ரயிலேறிவிட்டேன். ஜோலார்பேட்டையில் டீக்கடை, பெங்களூரில் செங்கல் சூளை, குடகில் காப்பித் தோட்டம், மறுபடி சேலத்தில் லாரி கழுவுவது என்று பதினைந்து வருடம் ஓடியது. எங்கேயும் இரண்டு வருடம் இருந்ததில்லை. பட்டினி கிடந்தேன், அடி வாங்கினேன். அதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். ஒருமுறை ஊருக்கு வந்தபோது ஆரோக்கியத்தை எனக்குக் கட்டி வைத்தார்கள். கட்டி வைத்தால் கால் நிற்கும் என்று நினைத்தார்கள். நிற்கவில்லை. பிலோமி பிறந்த பிறகுதான் நின்றது. அவளைக் கையில் வாங்கிய அன்று, இனி எங்கேயும் போக வேண்டாம் என்று வாழ்க்கையில் முதல் முறையாகத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு லைசென்சு வந்தது. சேலத்தில் ஒரு லாரி ஷெட்டில் வேலையும் வந்தது. கால் துடித்த வயதில் ஒருவரும் வண்டி தரவில்லை. வீட்டில் இருக்க மனம் வந்தபோது கூப்பிட்டுத் தந்தார்கள்.

புதிதாக வருகிறவனுக்கு ஷெட்டில் இரண்டாம் டிரைவர் என்று பெயர். அவனை ஒரு முதல் டிரைவரோடு சேர்த்துவிடுவார்கள். முதல் டிரைவர் வேலை கற்றுத்தர வேண்டும். ஒரு நாள் அவர் ஷெட்டுக்கு வந்து, "இவன் கைக்கு வந்துட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தனி வண்டி கிடைக்கும். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இழுத்தடிப்பதுதான் அந்தக் காலத்து முதல் டிரைவர்களின் முக்கியமான தொழில். அவன் போய்விட்டால் பல் விளக்கத் தண்ணீர் யார் கொண்டு வருவார்கள்?

எனக்கு வாய்த்தவர் பெயர் நஞ்சப்பன். பென்னாகரம் பக்கம். தொப்பூர் கணவாயைத் தன்னைவிட நன்றாக அறிந்தவன் இந்த உலகத்தில் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒரு வருடத்தில் அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தவை, அவருக்கு எந்தக் கடையில் எந்தக் குழம்பு பிடிக்கும் என்பதும், ஈரத் துண்டால் அடித்தால் கை எப்படி வலிக்கும் என்பதும். கியரைத் தவறாகப் போட்டால் துண்டு வரும். சரியாகப் போட்டால் ஒன்றும் வராது. நேர் ரோட்டில் மட்டும் ஓட்டத் தருவார். ஏற்றம் வந்தால் தள்ளி உக்காரு என்பார். சட்டைப் பையில் நான் ஜெபமாலை வைத்திருந்ததைப் பார்த்ததிலிருந்து என்னைச் சிலுவை என்றே கூப்பிட்டார்.

"ஏண்டா சிலுவ, உங்க சாமி வந்து கியர் மாத்தித் தருமா? கிளச்ச மிதிடா!"

அதைக் கேட்டு ஷெட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அந்த ஒரு வார்த்தை வராதே.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. லீவுதான் பெரிது. எங்கள் ஷெட்டில் ஒரு சட்டம் இருந்தது. லீவு ஷெட்டில்தான் கொடுக்கப்படும். வழியில் எவனும் இறங்கக் கூடாது. வண்டி சேலம் ஷெட்டுக்குள் நுழைந்ததும் லீவு தொடங்கும், அடுத்த லோடு கட்டி முடித்ததும் தீர்ந்துவிடும். லோடு கட்ட அரை நாள். சேலத்திலிருந்து ரயிலில் மொரப்பூர் வந்து, பஸ் பிடித்து, கூட்ரோட்டில் இறங்கி, ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர். அதற்கும் அரை நாள். இரண்டு தடவை கிளம்பி, மொரப்பூர் ஸ்டேஷன் வரை வந்து, மணியைப் பார்த்து, எதிர்ப்புறத்து ரயிலில் ஏறித் திரும்பியிருக்கிறேன். இப்படி ஒரு லீவைக் கண்டுபிடித்தவர்கள் பசித்துக் கிடப்பவனுக்கு விரதம் வைக்கிறவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அரூரில் லோடு ஏற்றினால் வண்டி எங்கள் ஊர் கூட்ரோட்டைத் தாண்டித்தான் தருமபுரிக்குப் போகும். ரோட்டிலிருந்தே கோயில் சிலுவை தெரியும். நாலு மாதம் அந்தச் சிலுவையை ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்தேன். ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"அண்ணா, ஒரு மணி நேரம். குழந்தையப் பாத்துட்டு ஓடியாந்துடறேன்."

"குழந்தையா? நல்லாத்தான் இருக்கும். நீ போயி பாத்தா என்ன, பல்லு மொளைக்குமா?"

"இல்லண்ணா, நாலு மாசமாச்சு…"

"பதினஞ்சு வருசம் ஊரு ஊரா ஓடினவனாமே நீ. ஓடறவனுக்கு எதுக்குடா வூடு? கண்ணாடியத் தொடைடா."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு எரிந்தது.

ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மாதாவே, எனக்கு லீவு வாங்கித் தாரும் என்று தொடங்கினேன். இரண்டாம் மாதம், நஞ்சப்பனுக்கு மனம் இளகட்டும் என்றேன். நாலாம் மாதம் வந்தபோது, அவர் கால் ஒடியட்டும், எங்கள் ஊர் கூட்ரோட்டுப் பக்கமாகவே ஒடியட்டும் என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். தவக்காலத்தில், கறி சாப்பிடாமல், இப்படி ஒரு ஜெபம்.

அறுபத்தெட்டாம் வருடத் தவக்காலம் அது. ஒரு புதன்கிழமை காலையில் அரூரில் புளி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினோம். கிளீனர் காய்ச்சல் என்று சேலத்திலேயே படுத்துவிட்டான். அவன் வேலையும் என் தலையில். மொரப்பூர் தாண்டியதும் நஞ்சப்பன் வண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். அந்த ரோடு பெரும்பாலும் நேர் ரோடு. எங்கள் ஊர் கூட்ரோட்டை ஒட்டி மட்டும் ஒரு சிறு பாலம், பாலம் முடிந்ததும் ஒரு ஏற்றம். அவ்வளவுதான்.

பாலத்தில் நான் வேகத்தைக் குறைத்தேன். வண்டிக்காக அல்ல. கோயில் சிலுவையைப் பார்ப்பதற்காக. பார்த்துக்கொண்டே ஏற்றத்தில் ஏறினேன். வண்டி திணறியது. அப்போதாவது ஒழுங்காகக் கீழ் கியருக்கு வந்திருக்கலாம். துண்டு அடிக்குப் பயந்து அவசரமாக முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை அழுத்திக் கிளச்சை வெடுக்கென்று விட்டேன். பின்னால் டப் என்று ஒரு சத்தம். இஞ்சின் கத்தியது. சக்கரம் திரும்பவில்லை. அத்தனை பாரத்தில் அப்படி உதறினால் ஆக்சில் முறியும் என்பது கிளீனருக்குக்கூடத் தெரியும்.

நஞ்சப்பன் துண்டை எடுத்தார். இறங்கினார். சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிறகு என் பிறப்பிலிருந்து தொடங்கி, எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் வரைக்கும் ஒருவரையும் விடாமல் திட்டினார். அந்தத் திட்டு ஒன்றையும் இந்தத் தாளில் எழுத முடியாது. இருவரும் சேர்ந்து முறிந்த ஆக்சிலை உருவினோம். அவர் அதைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார்.

"சேலத்துக்குப் போயி வேற வாங்கியாரணும். நாளைக்குத்தான் வருவேன். லோட வுட்டுட்டு அந்தாண்ட இந்தாண்ட நவுந்த, அப்புறம் இந்த ஜென்மத்துல நீ ஸ்டீரிங்கத் தொட மாட்ட. தெரியுதா?"

"தெரியுதுண்ணா."

"ஒன் ஊரு இங்கதானே?"

"ஆமாண்ணா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

மொரப்பூர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

நின்றுபோன வண்டியைச் சுற்றி ரோட்டில் கல் வரிசை வைப்பது லாரிக்காரர்கள் வழக்கம். வருகிற வண்டிகள் ஒதுங்கிப் போகத்தான் அது. கைக்கு அடக்கமான கல்லாக, வண்டியை ஒட்டி வைக்க வேண்டும். எனக்கு இருந்த ஆத்திரத்தில் பாலத்தடியில் கிடந்த பெரிய கற்களைத் தூக்கி வந்து நடு ரோட்டைத் தாண்டியே வைத்தேன். உலகத்தில் ஒருவனும் சுகமாகப் போகக் கூடாது என்று வைத்தேன். பக்தியோடு வைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறியது. எங்கள் ஊர் வழியாகப் போகிற சைக்கிள்காரர் ஒருவர் சோளத்தட்டுக் கட்டோடு வந்தார். பக்கத்து ஊர்க்காரர். நான் மாமா முறை வைத்துக் கூப்பிடுகிறவர்.

"யாரு, சவரியா? உயிரோடதான் இருக்கறியா?"

"இருக்கறேன் மாமா. வூட்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. கூட்ரோட்ல லாரி நிக்குது, நான் வர முடியாது, கூழு இருந்தா கொண்டாரச் சொல்லுங்க."

"ஏன், கால்ல சங்கிலி போட்டிருக்காங்களா?"

"லோடு இருக்குதுங்க."

அவர் லாரியை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போனார். நான் லாரி நிழலில் படுத்துக்கொண்டு கூழுக்குக் காத்திருந்தேன். ஆண்டவரைத் திட்டினேன். கால் ஒடியச் சொன்னால் ஆக்சிலையா ஒடிப்பது? வீட்டுக்கு அனுப்பச் சொன்னால், வீடு தெரிகிற தூரத்தில் கட்டியா போடுவது? இப்படி ஒரு கேலி உமக்கு எதற்கு என்று கேட்டேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டி ஆரோக்கியம் வந்தாள். நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். கையில் தூக்குப் பாத்திரம் இல்லை. தோளில் பிலோமி இருந்தாள். இரண்டு வயதுக் குழந்தை. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, முகத்தைவிடக் கழுத்து பெரிதாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போய் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

ஆரோக்கியம் என்னிடம் வரவில்லை. நேராக லாரியிடம் போய் ஏறுகிற படியில் கால் வைத்தாள்.

"லாரி நிக்குதுன்னு சொன்னாங்க. சீக்கிரம் எடுங்க, தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"ஆரோக்கியம், ஆக்சில் போயிருச்சு."

"அப்படின்னா?"

"வண்டி ஓடாது."

அவள் அந்த லாரியை முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தாள்.

"இம்மாம் பெரிய வண்டி ஓடாதுங்களா?"

மூன்று நாளாகக் குழந்தைக்கு இப்படி என்றாள். முதல் நாள் காய்ச்சல். இரண்டாம் நாள் பால் இறங்கவில்லை. உபதேசியாரும் மாதா சபைக்காரர்களும் வந்து மூன்று நாளும் ஜெபமாலை சொன்னார்கள். விளக்கு எண்ணெயைக் கழுத்தில் தடவினார்கள். ஆஸ்பத்திரி என்று இவள் வாயெடுத்தபோதெல்லாம், உன் வீட்டுக்காரன் வரட்டும், ஆம்பளை இல்லாமல் எப்படிப் போவது என்றார்கள். அத்தனை பேர் கைகளும் மணி உருட்டின. ஒரு கைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடக்கத் தெரியவில்லை. அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். ஜெபம் பெரியதுதான். ஜெபம் செய்கிற இடத்திலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்று எந்தக் கட்டளையிலும் இல்லை.

தருமபுரி பஸ் இனி சாயங்காலம்தான். அதுவரை தாங்காது என்று எனக்கே தெரிந்தது. முட்டி போட்டேன். நடு ரோட்டில், நானே வைத்த கற்களுக்கு நடுவில். பக்தியான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "நான் உடைச்சேன், நீர் ஓட்டும்" என்றேன். அது மட்டும்தான் ஜெபம். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

மொரப்பூர் பக்கமிருந்து ஒரு ஜீப் வேகமாக வந்தது. லாரியைச் சுற்றி ஒதுங்கிப் போக வழி இருந்திருந்தால் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கும். நான் வைத்த கல்லில் முன் சக்கரம் இடித்து, குதித்து, நின்றது. மலேரியா ஒழிப்பு ஜீப். பின்னால் பூச்சி மருந்து டிரம்மும் பம்புகளும். இரண்டு மருந்தடிக்கிற ஆட்கள். முன்னாலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு சுகாதார இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"எவன்யா ரோட்டு நடுவுல பாறைய வெச்சது? உங்கப்பன் வூட்டு ரோடா?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் கண் குழந்தை மேல் விழுந்தது. குரல் மாறியது.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு நாளாங்க" என்றாள் ஆரோக்கியம்.

டார்ச்சை எடுத்தார். குழந்தையின் வாயைத் திறக்க வைத்து உள்ளே அடித்துப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"தொண்டை அடைப்பான்யா இது! உள்ள வெள்ளையா மூடிக்கிட்டு வருது. இங்க உக்காந்து என்ன பண்ணிட்டு இருக்கறீங்க?"

"ஆக்சிலுங்க…" என்றேன்.

"உன் ஆக்சில யாருய்யா கேட்டா?"

பின்னால் திரும்பி, தன் ஆட்களை இறங்கச் சொன்னார். ஒரு டிரம்மையும் இறக்கச் சொன்னார். ஆரோக்கியத்தை ஏற்றினார். என்னைப் பார்த்து, "நீதானே தகப்பன்? ஏறு" என்றார்.

நான் ஏறவில்லை.

"லோடு இருக்குதுங்க சார்."

இறங்கி நின்ற மருந்தடிக்கிற ஆட்களில் வயதானவர் சொன்னார்: "நீ போப்பா. நாங்க இங்கதான இருக்கப் போறோம். பாத்துக்கறோம்."

தங்கள் இடத்தை என் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு ரோட்டில் நின்ற மனிதர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? இவர்கள் மூட்டையை அவிழ்த்துவிடுவார்கள் என்று ஓடியது. நஞ்சப்பன் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை ஓடியது. ஆரோக்கியம் ஜீப்பிலிருந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இன்ஸ்பெக்டர், "அட சீ" என்றார். ஜீப் போய்விட்டது.

நஞ்சப்பனை இத்தனை வருடம் இகழ்ந்திருக்கிறேன். ஷெட் முதலாளியை, குமாஸ்தாவை, எங்கள் ஊர் சபைக்காரர்களை இகழ்ந்திருக்கிறேன். அன்று பிற்பகல் அந்தக் கூட்ரோட்டில் நின்றிருந்த ஆளுக்கு முன்னால் அவர்கள் எல்லாரும் மகான்கள்.

அந்த இருவரும் சாயங்காலம் வரை என்னோடு இருந்தார்கள். தங்கள் சோற்றில் எனக்கும் வைத்தார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. மாலையில் ஒரு வண்டி பிடித்து, டிரம்மையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு மூட்டையின் முடிச்சுகூட அவிழவில்லை. நான் விடியும் வரை, "நான் உடைச்சேன், நீர் ஓட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் நஞ்சப்பன் புது ஆக்சிலோடு வந்து இறங்கினார். நடந்ததைச் சொன்னேன். லோடு பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் ஆக்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை வெறித்தார்.

"நீ ஏண்டா போவல?"

"லோட வுட்டுப் போனா ஸ்டீரிங்கத் தொட முடியாதுன்னு நீங்கதானேண்ணா…"

"அட மடப்பயலே! நான் ஆயிரம் சொல்லுவேன்டா. பொண்டாட்டியத் திட்டுவேன், கவர்மெண்டத் திட்டுவேன், உன்னையும் திட்டுவேன். அதுல எதக் கேக்கணும்னு ஒனக்குத் தெரிய வேண்டாமா? புளி மூட்டைக்குக் காலு மொளைச்சு ஓடிடுமா?"

ஆக்சிலை மாட்டினோம். நான் கற்களை ரோட்டோரம் புரட்டிப் போட்டேன். அவர்தான் ஓட்டினார். தருமபுரியில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

"ஷெட்ல உனக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கறேன். நாலாம் நாள் திரும்பி வருவேன். இதே எடத்துல நிக்கணும்."

அது ஒரு சட்டத்துக்கும் அடங்காத லீவு. நாலு மாதம் கேட்டது அப்படித்தான் கிடைத்தது, திட்டோடு. அந்த மனிதரைப் பற்றி என் எண்ணம் அதனால் பெரிதாக மாறிவிடவில்லை. மறுவாரமே துண்டு பழையபடி என் கையில் விழுந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் கால் ஒடியட்டும் என்று ஜெபிப்பதை விட்டுவிட்டேன்.

உள்ளே போனேன். பிலோமி ஒரு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குழி உள்ளே போகவில்லை. ஊசி போட்டிருந்தார்கள். நேற்று பிற்பகல் வந்ததால் பிழைத்தது, சாயங்காலம் வந்திருந்தால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று நர்சம்மா சொன்னார். சாயங்கால பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். ஆக்சில் முறியாமல் இருந்திருந்தால் நான் அந்நேரம் பெங்களூர் ரோட்டில் போயிருப்பேன். லாரி நிற்கிறது என்ற பேச்சே இருந்திருக்காது. ஆரோக்கியம் கூட்ரோட்டுக்கு வந்திருக்க மாட்டாள். ஒழுங்கான லாரிக்காரன்போல் சின்னக் கல்லாக வைத்திருந்தால் ஜீப் நின்றிருக்காது. என் மடத்தனம் ஒன்று, என் வயிற்றெரிச்சல் ஒன்று. இரண்டையும் எடுத்து ஆண்டவர் வேலை செய்துவிட்டார். என் நல்ல குணத்தில் அவருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை.

ஆரோக்கியம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்தாள். மரியாதை குறையாமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மூட்டை எல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?"

அடி வாங்கிப் பழகியவன் நான். அப்படி ஓர் அடி வாங்கியதில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நாலாம் நாள் வாசலில் போய் நின்றேன். அதற்கு முன்னால் ஆரோக்கியத்திடம் கேட்டுவிட்டுத்தான் போனேன். போகட்டுமா என்று நான் ஒருவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த இன்ஸ்பெக்டரைத் தேடி இரண்டு முறை அவருடைய ஆபீசுக்குப் போனேன். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். அவருக்காகவும், சோறு போட்ட இருவருக்காகவும் நான் தினமும் ஜெபிக்கிறேன். அவர்கள் நம் கோயிலுக்கு வராதவர்கள். ஆண்டவர் நம் கோயிலில் ஆள் தேடாமல் விட்டது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

பிறகு நஞ்சப்பன் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். எனக்குத் தனி வண்டி வந்து ஆறு வருடம் ஆகிறது. தருமபுரியிலேயே ஒரு ஷெட்டில் இருக்கிறேன். இரண்டாம் டிரைவர் என்று எவன் வந்தாலும் கணவாய் ஓட்டுவாயா என்று நான் கேட்பதில்லை. "உன் ஊர் கூட்ரோடு எது?" என்றுதான் கேட்பேன். அங்கே வண்டி நிற்கும். அவன் போய்விட்டு வரும் வரை லோடுக்கு நான் காவல் இருப்பேன். எனக்குப் பழக்கமான வேலைதான். முதலாளி ஒருமுறை, "என்ன சவரி, லாரியை டவுன் பஸ் ஆக்கிட்ட" என்றார். ஆமாங்க என்றேன். மற்ற முதல் டிரைவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுடைய ஊர்க் கூட்ரோட்டில் ஒரு ஜீப்பும் வந்து நிற்காமல் இருக்கட்டும், அதற்கான தேவையே வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஜீப் இடித்த அந்தக் கல் இன்னும் ரோட்டோரத்தில் கிடக்கிறது. போன வருடம் நம் சபையார் ஒருவர், அதை எடுத்து வைத்து மாதாவுக்குக் குகைபோல் ஒரு கெபி கட்டலாமே என்றார். அந்தச் செலவில் ஊருக்கு ஒரு மாட்டு வண்டி வாங்கி, நோயாளிகளுக்கென்று நிறுத்தி வையுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு போனார். ஆனால் வண்டி வாங்கிவிட்டார்கள். அதில் இதுவரை இரண்டு பிரசவக்காரிகளும் பாம்பு கடித்த ஒருவரும் போய்ப் பிழைத்து வந்திருக்கிறார்கள். அதையும் என் சாட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிலோமிக்கு இப்போது பத்து வயது. கோயிலில் பாடுகிறாள். குரலில் கொஞ்சம் கரகரப்பு உண்டு. பாட்டு வாத்தியார் அதைக் குறையாகச் சொல்கிறார். அவர் சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் கரகரப்பைக் கேட்கத்தான் நான் பூசைக்குப் போகிறேன்.

ஆகவே, சகோதரர்களே, கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். உங்கள் ஜெபம் அசிங்கமாக இருந்தாலும் கேளுங்கள். என்னுடையதைவிட அசிங்கமாக இருக்காது. ஆனால் எதை ஒடிக்க வேண்டும், எதை ஓட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கேட்டு முடித்ததும் எழுந்திருங்கள். ஜீப் வந்து நின்று, ஏறு என்று யாராவது சொன்னால், மூட்டையைப் பார்க்காதீர்கள். ஏறிவிடுங்கள்.

நான் ஏறவில்லை. என்னையே அவர் கைவிடவில்லை என்றால், ஏறுகிற உங்களை விடுவாரா?

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஒவ்வொரு தடவை நான் வீட்டுக்குள் நுழையும்போதும் ஆரோக்கியம் அதே கேள்வியைத்தான் கேட்கிறாள். எட்டு வருடமாக நான் தலைகுனிந்துகொண்டு சோற்றுக்கு உட்காருவது வழக்கம். போன வாரம் பிலோமியும் அவளோடு சேர்ந்துகொண்டு, "மூட்டை எல்லாம் பத்திரமா இருக்குதுங்களாப்பா?" என்று கரகரத்த குரலில் கேட்டாள். ஆரோக்கியம் சிரித்துவிட்டாள். ஆண்டவருக்குத் தோத்திரம். முதல் முறையாக நான் பதில் சொன்னேன்.

"தெரியலீங்க. கூட்ரோட்லயே வுட்டுட்டு வந்துட்டேன்."